டிராம்பே: ஒரே சாலை, இரண்டு முதுமை

அணுசக்தி நகர் பென்ஷன்தாரருக்கும் சீத்தா கேம்ப் பாட்டிக்கும் வருகிற நோய்கள் ஒன்றேதான். அது வந்திருப்பது யாருக்கு எப்போது தெரிகிறது என்பதில்தான் வித்தியாசம்.

சயான் - டிராம்பே சாலையில் செம்பூரைத் தாண்டி வந்தால் மரங்கள் அடர்ந்த அணுசக்தி நகர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஊழியர்கள் குடியிருக்கும் அமைதியான குடியிருப்பு. காலையில் கேன்வாஸ் ஷூ அணிந்து நடக்கும் முதியவர்களை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம், டிராம்பே கோலிவாடாவின் மீனவர் வீடுகளை நோக்கிப் போனால் சீத்தா கேம்ப். ஒருவர் நடந்தால் எதிரே வருபவர் ஒதுங்க வேண்டிய சந்துகள், ஒன்றின் மேல் ஒன்றாக எழுப்பிய அறைகள், தமிழும் இந்தியும் உருதுவும் மராத்தியும் கலந்த இரைச்சல். இங்கே காலை நடை என்றால் பொதுக் கழிப்பிடம் வரை போய் வருவது.

இரு இடங்களிலும் தமிழர்கள் உண்டு. ஒரு பக்கம் விஞ்ஞானிகளாகவும் பொறியாளர்களாகவும் அலுவலர்களாகவும் வந்தவர்கள். இன்னொரு பக்கம் நெல்லை, சேலம், வட ஆற்காடு என்று பல ஜில்லாக்களிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பம்பாய்க்கு ரயிலேறியவை. இப்போது இரண்டுமே முதுமையை எட்டியிருக்கின்றன.

சீத்தா கேம்ப்பின் முதுமைக்குத் தொடக்கத் தேதியே உண்டு. முன்பு இந்த மக்கள் அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் வசித்தார்கள். அங்கே அவர்களைக் குடியேற்றியதே பம்பாய் மாநகராட்சிதான். அணு ஆராய்ச்சி மையத்துக்கு இடம் வேண்டும் என்று காலனியைக் காலி செய்யச் சொன்னபோது கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஒரு தமிழ் இளைஞர் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். அவர் தச்சு வேலை தெரிந்த ஜோக்கின் அற்புதம். நீதிமன்றங்கள் வரை போன அந்தப் போராட்டம் அவசரநிலைக் காலத்தில் முடிவுக்கு வந்தது. 1976 மே மாதத்தில் காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் என்று கணக்கிடப்பட்ட அந்த ஜனங்கள் சதுப்பு நிலத்தில் சிறு சிறு மனைகளுக்கு மாற்றப்பட்டார்கள். அதுதான் சீத்தா கேம்ப். தேசிய குடிசைவாசிகள் சம்மேளனத்தை வளர்த்த ஜோக்கின், 2000-ல் மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீயும் பெற்று, 2018 அக்டோபரில் 71 வயதில் காலமானார்.

அன்று இடுப்பில் குழந்தையும் தலையில் தகரமுமாகச் சேற்றில் இறங்கிய 25 வயதுப் பெண்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் இருப்பது மும்பையின் எம்-கிழக்கு வார்டு. 2009-ம் ஆண்டுக்கான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை நகரத்தின் வார்டுகளில் கடைசி இடத்தை இதற்குத்தான் கொடுத்தது. இங்கே இறப்பவர்களின் சராசரி வயது சுமார் 39 என்று அந்த அறிக்கை சொன்னது பத்திரிகைகளில் பரபரப்பாக அடிபட்டது. அதைப் படித்த பலர் இங்கே யாரும் நாற்பதைத் தாண்டுவதில்லை என்று புரிந்துகொண்டார்கள். அது தவறு. இளைஞர்களும் குழந்தைகளும் நிறைந்த பகுதியில் பச்சிளம் குழந்தைகளின் மரணங்கள் சராசரியை ரொம்பவே கீழே இழுத்துவிடும். தப்பிப் பிழைத்து அறுபதைத் தொட்டவர்கள் ஏராளம். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் பிரச்னை. குடிசைப் பகுதி சுகாதாரம் என்றாலே பிரசவம், தடுப்பூசி, வயிற்றுப்போக்கு. பாட்டியின் ரத்த அழுத்தம் யாருடைய பதிவேட்டிலும் வருவதில்லை.

பதிவேடு என்கிற அந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. அணு ஆராய்ச்சி மையத்தில் கதிர்வீச்சுக்கு அருகே வேலை செய்பவர் ஒவ்வொருவரும் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் அணிகிறார். உடலில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதை அது காட்டிக் கொடுக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அது வாங்கப்பட்டு, அளக்கப்பட்டு, அவர் பெயரில் கணக்கு எழுதப்படும். கண்ணுக்குத் தெரியாத, வலிக்காத ஒன்றை அளந்து எழுதி வைப்பது அங்கே தொழிலின் இயல்பு. அந்தப் பழக்கம் மருத்துவத்திலும் தொடர்கிறது. ஊழியர்கள் சந்தா கட்டும் பங்களிப்பு சுகாதாரத் திட்டத்தில் ஓய்வு பெற்றவர்களும் அவர்களின் துணையும் தொடரலாம். அணுசக்தி நகரிலேயே பெரிய ஆஸ்பத்திரி, நகரின் பல பகுதிகளில் மருந்தகங்கள். போன தடவை சர்க்கரை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல ஒரு ஃபைல் இருக்கிறது.

அவர்களுக்கு நோய் வராமல் இல்லை. வந்தது சீக்கிரம் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். சீத்தா கேம்ப்பில் அதே நோய் பக்கவாதமாகவோ, புரையோடிய கால் விரலாகவோ வெடித்த பிறகுதான் வெளியே தெரிகிறது. அதுவரை எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்: வயசாச்சுன்னா வரத்தான் செய்யும். முதியவர்களின் ஆரோக்கியத்துக்கு இந்த ஒரு வாக்கியத்தைப் போல் கெடுதல் செய்தது வேறில்லை. வயதானால் நரை வரும், தோல் சுருங்கும், வெள்ளெழுத்து வரும். ரத்தக் கொதிப்பும் ரத்தசோகையும் தள்ளாட்டமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தவை அல்ல. அவை நோய்கள். அவற்றுக்கு மருந்து உண்டு.

இந்திய முதியவர்கள் பற்றி 2017-18-ல் நடந்த மிகப் பெரிய ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட நோய் இருப்பதாகத் தெரிந்தது. ரத்த அழுத்தம் இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று பதில் தந்தவர்கள் 32 சதவிகிதம். சர்க்கரை என்றவர்கள் சுமார் 14 சதவிகிதம். டாக்டர் சொன்னால்தானே தெரியும்? அளந்தே பார்க்காதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

உப்பும் சர்க்கரையும்

ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டினால் அது நோய். தலைசுற்றினால்தான் பிரஷர் என்ற நம்பிக்கை டிராம்பேயில் மட்டுமல்ல, மயிலாப்பூரிலும் உண்டு. பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அளக்கும்போதும் கவனம் வேண்டும். மூச்சிரைக்க வந்து உட்கார்ந்ததும் கையில் பட்டையைக் கட்டினால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையை மேஜை மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அரை மணி முன்பு டீயும் புகையிலையும் கூடாது. மாத்திரை ஆரம்பித்து அழுத்தம் சரியானதும் நிறுத்திவிடுவது இன்னொரு பெருந்தவறு. மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது.

ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோலிவாடாவை ஒட்டிய பகுதியில் இது சுலபமான கட்டளை அல்ல. கருவாடு மலிவு, ருசி, வாடையிலேயே இரண்டு பிடி சோறு அதிகம் இறங்கும். ஆனால் அது உப்பில் ஊறியது. ஊறுகாயும் அப்பளமும் வடாபாவ் சட்னியும் அதே ரகம். கருவாட்டை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல், வாரம் ஒரு நாளோடு நிறுத்தினால் அதுவே பெரிய லாபம். பச்சை மீன் கிடைக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு அது கஷ்டமும் இல்லை.

சர்க்கரை விஷயத்தில் தமிழர்கள் பெருமைப்பட ஏதுமில்லை. சென்னையைச் சேர்ந்த டாக்டர்கள் அஞ்சனாவும் மோகனும் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு 2023-ல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டியது தெரிந்தது. அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கும் மேல். கூலி வேலை செய்தவர்களுக்குச் சர்க்கரை வராது என்பது பழைய கதை. மூட்டை தூக்கிய காலத்தில் எரிந்து போன சோறு, உட்கார்ந்த காலத்தில் எரிவதில்லை. தட்டில் சோறு மட்டும் அதே உயரத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு மும்பையின் கட்டிங் சாய். நாளுக்கு ஆறு கிளாஸ் குடித்தால் அதில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை உள்ளே போகிறது என்பதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பருப்பையும் கீரையையும் காராமணியையும் வைப்பது, சாப்பிட்டதும் படுக்காமல் பத்து நிமிடமாவது நடப்பது, இவையே முதல் மருந்து. வெறும் வயிற்றில் 126-க்கு மேல் இருந்தால் டாக்டர் தரும் மருந்தும் வேண்டும்.

சர்க்கரைக்காரர்கள் கண்ணாடியில் முகம் பார்ப்பதைவிடப் பாதத்தைப் பார்ப்பது முக்கியம். உணர்ச்சி மங்கிய காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. இரவு படுக்குமுன் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்க பேரப்பிள்ளையைக் கூப்பிடலாம். அதன் கண் கூர்மை.

முழங்காலும் மாத்திரையும்

முதியவர்கள் தாமாகவே வைத்தியம் தேடிப் போகும் ஒரே விஷயம் மூட்டுவலி. போவதும் பெரும்பாலும் மருந்துக்கடைக்குத்தான். இரண்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டால் அன்றைய வேலை ஓடும். பத்து வருடம் இப்படி ஓட்டியவர்களின் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கும் என்பது சோதித்தால்தான் தெரியும். இந்த வகை வலி மாத்திரைகள் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பாராசிட்டமால் அளவோடு எடுத்தால் இவற்றைவிட ஆபத்து குறைவு. ஒரே நாளில் வலியைத் துடைத்தெடுக்கும் பெயரில்லாப் பொடிகள் பற்றி எச்சரிக்கை தேவை. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நாட்டில் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம்.

முழங்காலுக்கு உண்மையான மருந்து தொடைச் சதை. நாற்காலியிலோ கட்டில் விளிம்பிலோ உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, மனசுக்குள் பத்து எண்ணும் வரை பிடித்து இறக்க வேண்டும். பிறகு மறுகால். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு வேளை. காசு கிடையாது. பத்தடிக்குப் பதினைந்தடி அறையிலும் செய்யலாம்.

ஏணியும் கழிப்பிடமும்

முதியோர் நலம் பற்றிய புத்தகங்கள் குளியலறையில் கைப்பிடி பொருத்தச் சொல்கின்றன. சீத்தா கேம்ப்பில் அந்த அறிவுரை சிரிப்பூட்டும். இங்கே வீடு அகலமாவதில்லை, உயரமாகிறது. கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் பெற்றோர் மேலே போகிறார்கள், அல்லது கீழே அடுப்பங்கரையோரம் ஒண்டிக்கொள்கிறார்கள். எழுபது வயதில் நள்ளிரவில் சிறுநீர் கழிக்க ஏணியில் இறங்குவதைவிட ஆபத்தான உடற்பயிற்சி கிடையாது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர் படுக்கையில் விழுகிறார். படுக்கையில் விழுந்தவருக்கு நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் காத்திருக்கின்றன. வீட்டில் யார் எங்கே படுப்பது என்ற பங்கீட்டை ஒருமுறை மாற்றினாலே போதும்: பெரியவர்கள் கீழே, இளசுகள் மேலே. இந்த வைத்தியத்துக்கு மருமகளின் சம்மதம் தேவை என்பது வேறு விஷயம்.

படுக்கையிலிருந்து எழும்போது சட்டென்று நிற்கக் கூடாது. உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, ஒரு நிமிடம் கழித்து எழ வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நின்ற மாத்திரத்தில் அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுக்கலாம். சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் சில விநாடிகள் நிற்கும் பழக்கம் தள்ளாட்டத்தைக் குறைக்கும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

அடுத்தது தண்ணீர். பம்பாய்த் தமிழில் கழிப்பிடத்துக்கு சண்டாஸ் என்று பெயர். அது சந்துக் கோடியில் இருக்கும், வரிசை இருக்கும், காசு கேட்கும், இரவில் வெளிச்சம் இருக்காது. அதனால் வயதான பெண்கள் கண்டுபிடித்த வழி தண்ணீரே குடிக்காமல் இருப்பது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு வாய் கூடக் குடிக்காதவர்கள் உண்டு. அதன் விளைவு மலச்சிக்கல், மயக்கம், திரும்பத் திரும்ப சிறுநீர்த் தொற்று. முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எப்போதும் எரிச்சலும் காய்ச்சலுமாக வருவதில்லை. நேற்று வரை நன்றாகப் பேசிய பாட்டி இன்று திடீரென்று உளறினால், அது புத்தி மாறாட்டமாக இல்லாமல் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். பேய் பிடித்தது என்று வேறு எங்காவது கூட்டிப் போவதற்கு முன் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். பகலிலேயே போதுமான தண்ணீரைக் குடித்து முடிப்பது, இரவுக்கு வீட்டுக்குள் மூடியுள்ள ஒரு வாளியை ஒதுக்குவது: கேட்க அழகாக இல்லை, ஆனால் வேலை செய்யும். ஜோக்கினும் அவரோடு நின்ற பெண்களும் வீட்டுக்கு அடுத்தபடியாகக் கழிப்பிடத்துக்காக ஏன் அவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பது வயதான பிறகு நன்றாகவே புரிகிறது.

தகரக் கூரையின் கீழ் மே மாத வெயிலும் இதே கணக்கில் சேரும். வயதானவர்களுக்குத் தாகமே குறைவு. கேட்டுக் குடிப்பார்கள் என்று இருந்தால் குடிக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்தவர்கள், காலில் புண் இருந்தால் இன்னும் கவனமாக, எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி மாநகராட்சி மருந்தகத்தில் கேட்பது நல்லது. 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு மும்பை படித்த பாடம் இது.

இருமல் இல்லாத காசநோய்

சுற்றிலும் ரசாயன ஆலைகள். பக்கத்தில் 1927 முதல் குப்பை கொட்டப்பட்டுவரும் தேவ்னார் மேடு. 2016 ஜனவரியில் அது பற்றியெரிந்தபோது கிளம்பிய புகை மும்பையையே மூடியது. இந்தக் காற்றைச் சுவாசிக்கும் நெரிசலான வீடுகளில் காசநோய் நிரந்தர விருந்தாளி. முதியவர்களிடம் அது வேஷம் மாறி வரும். இருமல் இல்லாமலே இருக்கலாம். எடை குறையும், பசி போகும், சோர்வு தட்டும். வயசாச்சு என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் மடியில் படுத்து வளரும் பேரனுக்கு நோய் தொற்றிய பிறகுதான் தாத்தாவின் சளி சோதனைக்குப் போகும். சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால், இரண்டில் ஒன்று இருந்தால் மற்றதையும் சோதித்துவிட வேண்டும். காரணமில்லாமல் ஜாக்கெட்டும் சட்டையும் தொளதொளப்பானால் அதுவே எச்சரிக்கை மணி.

காசநோய்க்கு எதிரான ஆயுதங்களில் சாப்பாடும் ஒன்று என்பதற்கு இப்போது சான்று இருக்கிறது. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வில் நோயாளிகளின் குடும்பத்தினர் 10,000-க்கும் மேற்பட்டோர் கண்காணிக்கப்பட்டார்கள். அரிசி, பருப்பு என்று கூடுதல் உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது சுமார் 40 சதவிகிதம் குறைந்தது. 2023-ல் வெளியான இந்த ஆய்வில் சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்குண்டு. வீட்டில் கடைசியாக, மிச்சத்தைச் சாப்பிடுபவர் பாட்டிதான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கு ஒரு முட்டை, ஒரு கரண்டி பருப்பு முன்னதாகவே எடுத்து வைப்பது தர்மம் மட்டுமல்ல, நோய்த் தடுப்பு.

கண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே வழி தெளிவாக இருக்கிறது. ஜனதா காலனி இடிக்கப்பட்ட அதே 1976-ல், மதுரையில் அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992 முதல் மதுரையிலேயே தயாரித்து, விலையைப் பெருமளவு இறக்கியது அந்த அமைப்பு. கண்புரை இன்று சில நிமிட ஆபரேஷன். இலவசமாகவும் நடக்கிறது. புரை முற்றட்டும் என்று காத்திருந்த காலம் மலையேறிவிட்டது. காத்திருப்பவர்கள்தான் ஏணியில் தடுக்கி விழுகிறார்கள்.

வினிகர் தந்த சாட்சி

குடிசைப் பகுதியில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு மும்பையே பதில் வைத்திருக்கிறது. டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி நகரின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் ஒரு நெடிய ஆய்வு நடத்தியது. கர்ப்பப்பை வாயில் வினிகரின் அமிலத்தைத் தடவினால் சந்தேகத்துக்குரிய இடம் வெளுத்துக் காட்டும். பரிசோதனையைச் செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பத்தாவது படித்து, நான்கு வாரம் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். பன்னிரண்டு வருடக் கணக்கைப் பார்த்தபோது, பரிசோதிக்கப்பட்ட குழுவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 31 சதவிகிதம் குறைந்திருந்தது. டாக்டர் சுரேந்திர சாஸ்திரி 2013-ல் அமெரிக்காவில் இதை அறிவித்தபோது உலகம் கவனித்தது. அந்த டாடா நினைவு மருத்துவமனையும் டிராம்பே அணு மையமும் ஒரே அணுசக்தித் துறையின் கீழ் வருபவை என்பது சுவாரசியமான தகவல்.

மாதவிடாய் நின்ற பிறகு மீண்டும் ரத்தம் பட்டால், அது ஒரு சொட்டானாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வெட்கத்தால் மறைக்கப்படும் அறிகுறிகளில் இதுவே மிக மோசமானது. வெற்றிலையும் புகையிலையும் மெல்பவர்கள், மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப் புண்ணை அதே அவசரத்தோடு காட்ட வேண்டும்.

ஆக, வீடு தேடி வரும் உள்ளூர்ப் பெண், கையில் ஒரு எளிய சாதனம், ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் குடிசைப் பகுதியிலும் மரணத்தைக் குறைக்கலாம் என்பது நிரூபணமான விஷயம். இதைப் பெரிய அளவில் செய்தது தமிழ்நாடு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வப் பெண்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. இங்கேதான் சீத்தா கேம்ப் முதியவரின் சங்கடம் தெரிகிறது. நெல்லைச் சீமையிலேயே தங்கிவிட்ட தங்கைக்கு மாத்திரை வாசலுக்கு வருகிறது. பம்பாய்க்கு வந்து ஐம்பது வருடம் உழைத்த அக்காள் கோவண்டி சதாப்தி ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாள். ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்றால் ரேஷன் கார்டும் ஓட்டும் பிள்ளைகளும் இங்கே.

இங்கே ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மும்பை மாநகராட்சி 2022 முதல் திறந்துவரும் ஆப்லா தவாகானா மருந்தகங்களில் டாக்டரைப் பார்ப்பதும் ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வேலைக்குப் போய் வரும் மகன் கூட்டிப்போக வசதியாகப் பல இடங்களில் மாலையிலும் இயங்குகின்றன. 65 வயது கடந்த ஏழைகளுக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, கைத்தடி போன்றவை வாங்க மகாராஷ்டிர அரசின் 2024-ம் ஆண்டு வயோஸ்ரீ திட்டம் ஒருமுறை 3,000 ரூபாய் தருகிறது. 70 வயதைத் தாண்டிய எவரும், வருமானம் எவ்வளவானாலும், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறும் அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. அணுசக்தி நகருக்கும் சீத்தா கேம்ப்புக்கும் வித்தியாசம் பார்க்காத திட்டம்தான். ஆனால் அந்த அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் செல்லும். பக்கவாதம் வந்து படுத்தவருக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருக்கும் அட்டை, பக்கவாதம் வராமல் தடுக்கும் மாத்திரைக்கு மாதாமாதம் காசு தராது. அதை மாநகராட்சி மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும், அதுவும் இருப்பு இருந்தால். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளும் அப்படியே. முதியவர்களுக்கு இவை அவசியம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நிமோனியா தடுப்பூசி அரசுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு இலவசம். தாத்தா காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதியோருக்கென்று தனி மருத்துவமே இந்தியாவில் சென்னையில்தான் வேர்விட்டது. அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-ல் முதியோர் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். பத்துப் படுக்கை கொண்ட வார்டு கிடைக்க 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையே திறக்கப்பட்டது. டிராம்பேயில் அதற்குச் சமமாக எதுவும் வரும் வரை, சீத்தா கேம்ப் பாட்டி தன் ஃபைலைத் தானே சுமக்க வேண்டியிருக்கிறது. பேத்தியின் பழைய நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பிரஷர், சர்க்கரை, எடை, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர். தவாகானாவில் டாக்டர் மாறினாலும், ஊருக்குப் போய் அங்கே வேறு டாக்டரைப் பார்த்தாலும், அந்த நோட்டு கூடவே வரும். எண்களைத் தமிழில் எழுதினாலும் மராத்தியில் எழுதினாலும் 180 என்பது 180-தான்.